சால் வீட்டில் படித்த சரித்திரம்

பம்பாய் பரேலில், தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சால். அதில் ஒரே அறையில் ராம்ஜி சக்பாலின் குடும்பம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

சத்தம் ஓயாத அந்த அறையில் பகலில் படிக்க முடியாது. மகனைச் சீக்கிரமே தூங்கவைத்துவிட்டு, தந்தை விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்த பிறகே அவர் படுப்பார்.

அந்த மகன்தான் டாக்டர் அம்பேத்கர். 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். தீண்டத்தகாதவர் என்று கூறி ஆசிரியர் மறுத்துவிட்டார். வேறு வழியின்றிப் பாரசீக மொழியை எடுத்துப் படித்தார். சமஸ்கிருதத்தைப் பிற்காலத்தில் சொந்த முயற்சியால் கற்றார்.

பாடப் புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. கேட்ட நூல்களை வாங்கித் தர, தந்தை தம் பெண்களிடம் கடன் வாங்குவார். அவர்களுடைய நகையையும் அடகு வைப்பார். பூங்காவில் உட்கார்ந்து படிக்கும் சிறுவனைக் கவனித்த கேலுஸ்கர் என்ற ஆசிரியரும் நூல்கள் தந்து உதவினார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்.

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பொருளாதாரத்துடன் சரித்திரம், சமூகவியல், தத்துவம், மானிடவியல் ஆகியவற்றையும் பயின்றார்.

சோறு போடாத பாடங்கள் என்று இவற்றை இன்றும் சிலர் ஒதுக்குவது உண்டு. ஆனால் தம் மக்களை ஊருக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடு எப்படி உண்டானது என்ற கேள்விக்கு, அவர் விடை தேடியது இந்தப் பாடங்களில்தான். மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதனே மாற்றலாம் என்ற உறுதியும் அதில் பிறந்தது. 1947-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். அலுவலகம் செல்வோரும் படிக்க வசதியாக அங்கே காலை வகுப்புகள் நடந்தன.

1956 டிசம்பர் 6-ந் தேதி அவர் காலமானார். ஒரு பாடத்தைப் படிக்கவிடாமல் தடுக்கப்பட்ட மாணவர், எல்லோரும் எல்லாம் படிக்க வழி திறந்துவிட்டுப் போனார்.