நடுக்கடல் விட்டது... கரை பிடித்தது!

பாய்மரப் படகுல போறவங்களுக்கு எது ஆபத்துன்னு கேட்டா, நடுக்கடல்னுதானே சொல்வீங்க? ஜோஷுவா ஸ்லோகம் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்க.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-ல் பிறந்தவர், கப்பல் கேப்டன். 1887-ல் பிரேசில் கரையோர மணல்திட்டில் மாட்டி அவருடைய கப்பல் உடைந்தது. மனுஷன் அசரவில்லை. 35 அடியில் ஒரு படகைக் கட்டி, மனைவி, இரண்டு மகன்களோடு அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்துவிட்டார்!

1895-ல் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' படகில் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பினார். அட்லான்டிக்கைத் தாண்டும்போது வராத ஆபத்து, உருகுவே கரையில் வந்தது. நடுக்கடல்ல காத்து திசைமாத்தினாலும் ஒதுங்க இடம் இருக்கும். கரையோரம் அது கிடையாது. ரொம்பவே கரையை ஒட்டி வந்தவரை, நிலா வெளிச்சத்தில் மணல்மேடுகள் ஏமாற்றிவிட்டன. படகு தரைதட்டியது. நங்கூரத்தைச் சின்னத் தோணியில் கொண்டுபோய் ஆழத்தில் போட்டால், கயிற்றை இழுத்துப் படகை நகர்த்தலாம். போனார், தோணி கவிழ்ந்தது. உலகம் சுற்றக் கிளம்பிய இந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது, தெரியுமா? தோணியின் விளிம்பைப் பிடித்துத்தான் உயிர் தப்பினார். பிறகு அந்தப் பகுதி ஆட்கள் உதவியோடு படகும் மீண்டது.

1898-ல் பயணத்தை முடித்தார். அப்படித் தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள் அவர்தான். சுமார் பத்து வருடம் கழித்து, அதே 'ஸ்ப்ரே'யில் மறுபடி தனியாகக் கிளம்பினார். அவரும் திரும்பவில்லை, படகும் கிடைக்கவில்லை.