ஓடாநிலைக் கோட்டை எங்கே?

கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் என்று சொல்வோம். இங்கிலீஷ் படம் பார்க்கிற நண்பர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையைக்கூட சொல்வார்கள். காங்கயம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற நாம் நம்ம பக்கத்துக் கோட்டைக்காரரைச் சொல்வதில்லையே, ஏன்?

1756-ல் காங்கயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்தவர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை மறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தாராம். கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லச் சொன்னாராம். பேர் அப்படித்தான் வந்தது என்கிறது ஊர்ப்பேச்சு. எவ்வளவு குசும்பு பாருங்கள்!

ஆனால் அதே மைசூருக்குத்தான் பிறகு கொங்குப் படையோடு துணைக்குப் போனார். வெள்ளைக்காரக் கம்பெனியா, திப்புவா என்று வந்தபோது பழைய பகையைத் தள்ளி வைத்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். 1799 மே 4-ல் திப்பு விழுந்தார். துணை போச்சு. சின்னமலை ஊர் திரும்பி, அரச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1800-ல் கோவைக் கோட்டையைப் பிடிக்கப் போட்ட திட்டம் பலிக்கவில்லை. 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று சண்டை தொடர்ந்தது.

கடைசியில் கம்பெனி பீரங்கிகளோடு வந்தது. சேதி முன்கூட்டியே தெரிந்து அவர் தப்பிவிட்டார். காலிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆளில்லாத சுவர் மேல் அவ்வளவு கோபம்!

பழனிப் பக்கம் கருமலையில் ஒளிந்திருந்தவரை, சமையல்காரன் நல்லப்பனே காட்டிக்கொடுத்தான் என்பார்கள். சங்ககிரிக் கோட்டையில் தம்பிகளோடு தூக்கிலிட்டார்கள். 1805 ஜூலை 31 என்பது ஏட்டுக் கணக்கு. ஊரில் ஆடிப்பெருக்கு அன்றுதான் நினைவுநாள்.

அவர் பேரில் ஒரு போக்குவரத்துக் கழகமே ஓடியது. 1997-ல் தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது அதுவும் போனது. 2005-ல் தபால்தலை வந்தது.

சிவில் நண்பர்கள் சங்ககிரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். செங்குத்து மலையில் அடுக்கடுக்காக ஏறும் மதிலும் வாசல்களும் இன்னும் நிற்கின்றன. அவரைக் கொன்ற கோட்டை நிற்கிறது. ஓடாநிலையில், அவர் கட்டியது இருந்த ஊரில், அரசு எழுப்பிய மணிமண்டபம்தான் இருக்கிறது. ஈரோடு போகிறவர்கள் அரச்சலூரில் இறங்கினால் பக்கம்தான்.