மெழுகுவத்திப் பேராசிரியர்

ஆசிரியர் தின விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் உவமை ஒன்று உண்டு. ஆசிரியர் ஒரு மெழுகுவத்தி, தம்மை உருக்கிக்கொண்டு பிறருக்கு ஒளி தருகிறவர் என்பார்கள். பள்ளியில் படித்தபோது நானும் மேடையேறி இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த ஆண்டே எங்கள் அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனார். ப்ரொஜெக்டரைத் தூக்கி வருவதும், ஒயர் இணைப்பதும், இரவில் விழித்துப் படங்கள் தயாரிப்பதும், சோதனைப் பொருள்களைக் கைக்காசில் வாங்குவதும், பிறகு பதிவேடுகளை எழுதி முடிப்பதும் அவர் ஒருவரே. அவர் வகுப்பென்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

என் தந்தையார் கொத்து வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் முடித்து பி.எட். படித்து ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தானோ என்னவோ, இந்த ஆண்டு மின்காந்தத் தூண்டல் பாடம் வந்தபோது, விதியைவிட விதியைக் கண்ட மனிதர்மேல் எனக்கு ஆர்வம் பிறந்தது. மைக்கேல் ஃபாரடேயை நாமெல்லாம் ஆராய்ச்சியாளராக அறிவோம். அவர் மிகச் சிறந்த ஆசிரியரும்கூட. அந்த ஆசிரியத் தொழில் அவரை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாக ஃபாரடே பிறந்தார். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் கற்றதோடு பள்ளி முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடிப் பையன். பிறகு அங்கேயே ஏழாண்டு பைண்டிங் தொழில் பழகினார். பிறர் தைக்கக் கொடுத்த புத்தகங்களைப் படித்துத் தம் அறிவை வளர்த்துக்கொண்டார். டாட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதை அவருடைய அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அந்த அண்ணனும் கொல்லுப்பட்டறையில் உழைத்தவர்தாம். வரலாற்றில் இத்தகைய அண்ணன்மார்களுக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை.

1812இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. கேட்டதை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறைகள்.

வேலையில் சேர்ந்து சில மாதமே ஆன, இருபத்தோரு வயது இளைஞர், நண்பர் அபட்டுக்கு எழுதிய கடிதங்கள் என்னை வியக்க வைத்தன. ஒரு நல்ல விரிவுரைக்கு என்னென்ன வேண்டும் என்று அவற்றில் ஆராய்கிறார். அரங்கில் காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும், வாசல்கள் எங்கே அமைய வேண்டும், கருவிகளைக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி எப்படி வைப்பது என்றெல்லாம் எழுதுகிறார். ஒரு மணி நேரத்துக்குமேல் பேசக் கூடாது என்பதும் அவர் முடிவு. (நம் கல்லூரி விழாக்களில் பேச வருகிறவர்களுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?) பேச்சும் அவருக்கு இயல்பாக வந்துவிடவில்லை. பேச்சுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் பணம் கொடுத்துக் கற்றார். மேடையில் வேகம் மிஞ்சும்போது, மெதுவாகப் பேசுமாறு எழுதிய அட்டை அவர் கண்ணெதிரே வைக்கப்படும்.

1826இல் வெள்ளிக்கிழமை மாலை விரிவுரைகள் தொடங்கின. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகளை அவர் முதன்முதலில் நடத்தியது 1827இல். அக்காலத்து வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றால் மேசைமேல் இருந்த கருவிகள்தாம். காட்டக் கூடியதை வாயால் சொல்லி விட்டுவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. கல் கீழே விழும் என்று சொல்வதானால்கூட, கையைத் திறந்து அந்தக் கல்லை விழவிட்டுக் காட்டுவார். மின்காந்தத்தின் வலிமையைக் காட்ட, கரி அள்ளும் வாளியையும் இடுக்கியையும் அதன்மேல் தூக்கி எறிவார். அவை அப்படியே ஒட்டிக்கொள்ளும். 1836இல் பன்னிரண்டடிக் கூண்டு ஒன்றை அரங்கிலேயே கட்டி, வெளிப்புறம் மின்பொறி பறக்க, தாம் உள்ளே போய் நின்றார்.

இந்த வேடிக்கைகளுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு! ஒவ்வொரு சோதனையையும் முன்கூட்டியே செய்து பார்த்தாக வேண்டும். அவருக்குத் துணையாக இருந்தவர் பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சார்ஜண்ட் ஆண்டர்சன். கண்ணாடி உலையைக் கவனிக்க 1827இல் வந்தவர், தாம் இறந்த 1866 வரை உடனிருந்தார். ஒருநாள் மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டாராம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆண்டர்சன் இரவெல்லாம் உலையை எரியவிட்டுக்கொண்டிருக்கிறார்! இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, வீட்டுக்குப் போகச் சொல்ல ஆளில்லாமல் உலை எரித்துக்கொண்டிருந்தவர் ஃபாரடேயுந்தான் என்று தோன்றியது.

1831இல் மின்காந்தத் தூண்டல் கண்டுபிடிப்பு. அதற்கு முன்பே 1830 முதல் வுல்விச் இராணுவக் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. 1836 முதல் கலங்கரை விளக்கங்களுக்கு அறிவியல் ஆலோசகர். இவற்றுக்கு நடுவே ஆராய்ச்சிக் கட்டுரைகள், வெள்ளிக்கிழமைகள், கிறிஸ்துமஸ்கள். ஐம்பதை நெருங்கியபோது தலை சுற்றியது, தலைவலி வாட்டியது, நினைவு தவறியது. மிகுந்த உழைப்பே காரணம் என்றார்கள். ஆய்வுக்கூடத்துப் பாதரசமும் காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் சிலர் கருதினர். மருத்துவர்கள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். 1841இல் மனைவி சாராவுடன் சுவிட்சர்லாந்து போனார். அங்கே மலைப்பாதையில் ஒரே நாளில் நாற்பது மைலுக்குமேல் நடந்தார். உடல் தளரவில்லை, மனந்தான் களைத்திருந்தது. இன்டர்லாக்கனில் ஆணி அடிக்கும் பட்டறையைக் கண்டு மகிழ்ந்து குறிப்பெழுதினார். தந்தையின் பட்டறை நினைவு அவரை விட்டுப் போகவில்லை.

1845 வரை ஆராய்ச்சி மந்தமாகவே நடந்தது. ஆனால் அந்த ஆண்டில் ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். ஓய்வெடுத்த ஆண்டுகள் வீணாயின என்று யார் சொல்ல முடியும்? நினைவு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்கும் வழி வைத்திருந்தார். தம் ஆய்வுக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாக எண் இட்டு வந்தார். அந்த எண் 16041 வரை போனது. விருந்துகளை மறுத்தார். வருமானம் தரும் ஆலோசனை வேலைகளில் பெரும்பகுதியை முன்னரே விட்டிருந்தார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்கவில்லை. ஆனால் சிறுவர்களின் கிறிஸ்துமஸ் விரிவுரைகளை விடவில்லை. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை நடத்தினார்.

அவற்றுள் கடைசியாக, 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆறு விரிவுரைகளின் பொருள் ஒரு மெழுகுவத்தி! உருகிய மெழுகு திரி வழியே ஏறி ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியை நீட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். சுடருக்குக் காற்று வேண்டும். ஜாடியால் மூடினால், மெழுகு மிச்சமிருக்கும்போதே அணைந்துவிடும். ஆசிரியரை மெழுகுவத்தி என்று மேடையில் முழங்கிய எனக்கு இந்தக் காற்றின் நினைவு வந்ததே இல்லை.

1861இல், எழுபதாம் வயதில், தமக்கு இனி இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறுவர் விரிவுரைகளிலிருந்து விலகினார். 1862இல் கடைசி வெள்ளிக்கிழமை. அதே ஆண்டில் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று அரசு ஆணையத்தின் முன் வாதாடினார். 1867 ஆகஸ்ட் 25 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில், அரசி அளித்த வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய அறிவியல் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். உடல் தேறி மீண்டும் வகுப்பெடுக்கிறார். ஆண்டர்சன் கதையைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். பிறகு, சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் சோதனை காட்ட வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். போனேன். மேசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்து, முடிந்ததும் பீக்கர்களைக் கழுவி அடுக்கினேன். அன்று மாலை நான்கரை மணிக்கெல்லாம் சார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.