நள்ளிரவில் மெத்தை சுமந்தவர்

ஜெட் இயந்திரத்தின் இரைச்சல் நம் காதை மட்டுமா துளைக்கிறது? அருகிலுள்ள மெல்லிய தகடுகளையும் ஓயாமல் அதிரவைத்து, நாளடைவில் வெடிப்பு விழச் செய்துவிடுகிறது. ஆகவே விமானப் பகுதிகளைத் தரையிலேயே அத்தகைய இரைச்சலில் வைத்துச் சோதிக்கிறார்கள். கனத்த கான்கிரீட் சுவர்கள் சூழ்ந்த வெற்றறை. அழுத்திய வாயுவால் முழங்கும் பெரிய கொம்புகள். உள்ளே புகுந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதிப் பெருகி 150 டெசிபலையும் தாண்டும். பெங்களூரில் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸிலும் இப்படியோர் அறை உண்டு.

இந்த எதிர்முழக்கத்துக்கு முதன்முதல் கணக்கு வகுத்தவர் வாலஸ் கிளமென்ட் ஸபைன். வேடிக்கை என்னவென்றால், அவர் முழக்கத்தை அடக்கப் புறப்பட்டவர்!

1868-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். 18 வயதில் பட்டம் பெற்று ஹார்வர்டு சென்றார். டாக்டர் பட்டம் அவர் வாங்கவேயில்லை. 1895-இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபம் பெருந்தலைவலியாகிவிட்டது. சொன்ன சொல் ஐந்தரை விநாடி அடங்காமல் நின்று, அடுத்த சொல்லை விழுங்கியது. தலைவர் எலியட் அதைச் சரிசெய்யும் பொறுப்பை இந்த இளைஞரிடம் விட்டார்.

பகலில் தெருச் சந்தடி. எனவே நள்ளிரவுக்குப் பின்தான் வேலை. நன்றாகக் கேட்கும் மண்டபம் என்று பெயரெடுத்த ஸாண்டர்ஸ் அரங்கிலிருந்து ஆசன மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்புவார். ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும்வரை கடிகாரத்தில் அளப்பார். விடியுமுன் மெத்தைகள் திரும்பிப் போய்ச் சேரவேண்டும். கருவி அவர் காதுதான். ஒரு சமயம் தாம் உடுத்த உடையும் சிறிது ஒலியை உறிஞ்சுவதைக் கண்டார். வேறொருவராயின் கண்டும் காணாதிருந்திருப்பார்! ஸபைனோ அதுவரை பாடுபட்டுத் திரட்டிய அளவுகளை ஒதுக்கிவிட்டு, பின்னர் ஒரே உடையுடன் மீண்டும் தொடங்கினார்.

1898-இல் சூத்திரம் பிடிபட்டது. அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பொருள் கூடினால் குறுகும். அதைக்கொண்டு அமைந்த பாஸ்டன் ஸிம்பனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டது. இன்றைய சோதனைக்கூடப் பொறியியலார் அதே சூத்திரத்தைத் தலைகீழாக ஆள்கிறார்கள்: உறிஞ்சுவன எவையும் வேண்டாம், முழக்கம் நீளட்டும் என்று.

முதல் உலகப்போரில் ஸபைன் விமானத் துறைப் பணிகளில் உடல்நலம் பாராது உழைத்தார். ஒலி ஆராய்ச்சிக்கென்றே அவருக்காக இல்லினாய் மாநிலத்தில் ரிவர்பாங்க் ஆய்வுக்கூடம் எழும்பியது. அதில் ஆராய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1919 ஜனவரியில், 50 வயதில், காலமானார்.