மூளைக்கும் மனத்துக்கும் நடுவே

அபிராமபுரத்தில் என்னுடன் மாலை நடைக்கு வரும் முதியவர்கள், நரம்பியல் மருத்துவரைப் பார்த்து வந்ததை உரக்கவே சொல்வார்கள். மனநல மருத்துவரைப் பார்த்ததை மட்டும் எவரும் சொல்வதில்லை. இந்தப் பிரிவினை நம் பேச்சில் மட்டுமல்ல, சென்னையின் மருத்துவமனைக் கட்டடங்களிலேயே இருந்தது. மனநோயாளிகளுக்கு 1871 முதல் கீழ்ப்பாக்கம்; தலைக்காயத்துக்கும் மூளைக்கட்டிக்கும் அரசுப் பொது மருத்துவமனை. இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டைக் கத்தியுடன் கடந்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி.

சீர்காழியில் 1922 ஜனவரி 30 அன்று பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 25 வயதில் எடின்பரோவின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். நியூகாசிலில் தலைக்காயச் சிகிச்சையில் புகழ்பெற்ற ரோபாதமிடம் பயிற்சி பெற்றார். மான்ட்ரியலில் பென்ஃபீல்டின் கூடத்தையும் கண்டார். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இல் இத்துறையைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். இவர்கள் இருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

சி.டி. ஸ்கேன் இல்லாத காலம் அது. மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துத்தான் கட்டி இருக்குமிடத்தை ஊகிக்க வேண்டும். திறந்து பார்த்தால், மேலை நாட்டு நூல்களில் அரிதாகவே பேசப்பட்ட காசநோய்க் கட்டிகள் இங்கே ஏராளம். வறுமையின் நோய் மூளைக்குள்ளும் குடியேறியிருந்தது. இதை ராமமூர்த்தி விரிவாக ஆராய்ந்து எழுதியதை, பொருளாதாரம் படித்தவனாக நான் அவருடைய மற்ற சாதனைகளுக்கு மேலாகவே மதிப்பேன்.

அடுத்த கட்டம் அவ்வளவு எளிதாகப் பாராட்டிவிட முடியாதது. தலையில் ஒரு சட்டகத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே துணையுடன் அளவெடுத்து, சிறு துளை வழியாக மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் செயலிழக்கச் செய்யும் முறை அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. முதலில் அது நடுக்குவாதத்துக்குப் பயன்பட்டது. பிறகு ராமமூர்த்தியும், அவருடைய சகாக்கள் வி. பாலசுப்ரமணியமும் டி.எஸ். கனகாவும் அதனைக் கட்டுக்கடங்காத ஆவேசத்துக்கும் பயன்படுத்தினர். அச்சத்துக்கும் சினத்துக்கும் தொடர்புடைய அமிக்டலாவே இலக்கு. ஜப்பானில் நரபயாஷி இதற்கு வழிகாட்டியிருந்தார். சென்னையில் செய்யப்பட்டவை 600-க்கும் மேல் என்று 1988-இல் ராமமூர்த்தியே பதிவு செய்தார். வலிப்பும் அறிவுத்திறன் குறைபாடும் கொண்ட சிறுவர்கள் பலர் அவர்களில் அடங்குவர்.

பெரும்பான்மையினருக்குப் பலன் கிடைத்ததாகவே அவர் கணக்கிட்டார். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மருந்துக்கு அடங்காமல் தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளையைக் கட்டிப்போட்டு வளர்க்கும் குடும்பத்துக்கு, அவன் ஓரிடத்தில் அமைதியாக உட்கார்வதே பெரும் விடுதலை. ஆனால், பலன் என்பதை யார் அளந்தார்கள்? வீட்டாரும் மருத்துவரும். அமைதியானவனின் உள்ளே என்ன மிஞ்சியது என்பது அந்த அளவுகோலில் இல்லை. அடங்கியிருப்பதும் நலமாயிருப்பதும் ஒன்றல்ல. இந்தக் குற்றச்சாட்டை அவர்மீது மட்டும் சுமத்துவது நியாயமும் ஆகாது. முன்மூளை நரம்பிழைகளை அறுத்த எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே வழங்கிய உலகம் அது. நோயாளியின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் அனுமதியும் இன்றி இத்தகைய அறுவையைச் செய்யக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொன்னது 2017-இல்தான்.

அறிவுத்திறன் குன்றிய ஒரு சிறுவன் எப்படி ஒப்புதல் தருவான் என்ற சிக்கல் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் தீரவில்லை. அத்தகைய பிள்ளைகளைப் பகல்பொழுது பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இன்றும் போதிய அளவில் இல்லை. அன்று அவையும் இருந்திருந்தால், அந்த அறுவை மேசைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

அரசுப் பணிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் செல்வந்தர்களின் மருத்துவராக மட்டும் இருந்திருக்கலாம். மாறாக, அடையாற்றில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையில் ஒரு நரம்பியல் அறுவை மையத்தை உருவாக்கினார். வருமானத்துக்கேற்பக் கட்டணம் என்பது அந்த மருத்துவமனையின் கொள்கை. மூளை அறுவைபோன்ற செலவு மிகுந்த சிகிச்சையை அந்தக் கொள்கைக்குள் கொண்டுவருவது எளிதன்று. கொடையும், கட்டணம் செலுத்த இயன்றவர்களின் பணமும் சேர்ந்தே இயலாதவரின் கட்டிலைத் தாங்க வேண்டும்.

வயது ஏற ஏற அவருடைய கவனம் யோகத்தின் பக்கமும் பிரக்ஞையின் பக்கமும் திரும்பியது. விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கடந்த துரிய நிலையைப் பற்றி ஓர் உளமருத்துவ ஆய்விதழில் 1995-இல் கட்டுரை எழுதினார். ஆயிரக்கணக்கான மூளைகளைக் கையால் தொட்டவருக்கு, மனம் என்பது தொட்ட இடத்தில் முடிந்துவிடவில்லை போலும். 2003 டிசம்பரில், 81 வயதில், சென்னையில் காலமானார்.