திடலிலிருந்து திருப்பந்திக்கு: பயிற்சியாளர் நூட் ராக்னி

பீடத்தில் வைக்கப்படாத ஒருவரை இன்று நினைத்துப் பார்க்கிறோம். அவர் துறவியும் அல்ல, மறைசாட்சியும் அல்ல. அமெரிக்காவில் திருச்சிலுவை சபைக் குருக்கள் நடத்தும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து என்று எண்ணிவிட வேண்டாம். அது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் முரட்டு ஆட்டம்.

நூட் ராக்னி 1888 மார்ச் 4 அன்று நார்வே நாட்டில் ஒரு லூத்தரன் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் சிகாகோவுக்கு வந்தார். கல்லூரிக்குப் பணம் இல்லாததால் அஞ்சலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துச் சேமித்து, 22 வயதில்தான் நோட்டர் டேமில் சேர்ந்தார். அங்கே வேதியியல் ஆய்வகத்தில் அருட்தந்தை ஜூலியஸ் நியூலாண்டுக்கு உதவியாளராகவும் இருந்தார். செயற்கை ரப்பர் உருவாக வழிதிறந்தது இந்தக் குருவின் ஆய்வுதான். ராக்னி ஆய்வகத்திலேயே தங்கியிருந்தாலும் நல்ல பெயர் எடுத்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1913-இல் வலிமைமிக்க இராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-13 என்று வென்றது. அந்தக் கோடையில் ஈரி ஏரிக் கரையில் வேலை செய்துகொண்டே ராக்னியும் நண்பர் கஸ் டோரேயும் பந்தை எறிந்து பிடித்துப் பழகியது அன்று பலன் தந்தது. 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்சியாளராக அவர் பெற்றவை 105 வெற்றிகள். தோல்விகள் 12, சமநிலை 5.

ஆனால் நம்மைத் தொடுவது இந்தக் கணக்கு அல்ல. மனைவியும் பிள்ளைகளும் கத்தோலிக்கர், சுற்றிலும் குருக்கள், பயிற்சி பெறுவோரில் பெரும்பாலோர் கத்தோலிக்க இளைஞர்கள். அவரோ பதினைந்து ஆண்டுகள் தம் சபையிலேயே இருந்தார். வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கு முன் தூக்கம் வராமல் விடியற்காலையில் விடுதியின் முன்கூடத்துக்கு வந்தார். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, திருப்பலிக்கும் நற்கருணைக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உறக்கத்தை விட்டுவிட்டுப் போகும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததுதான் தம்மைத் தொட்டது என்று அவர் பின்னாளில் சொன்னதாக அறிகிறோம். பயிற்சி கொடுத்தவருக்குப் பிள்ளைகளே மறைக்கல்வி ஆசிரியர்கள் ஆனார்கள்.

1925 நவம்பர் 20 அன்று, வளாகத்தில் மரக்கட்டைகளால் ஆன சிற்றாலயத்தில் அவர் திருஅவையில் சேர்ந்தார். மறுநாள் தம் சிறு மகனோடு புதுநன்மை வாங்கினார்.

உடனே குறையற்றவர் ஆகிவிட்டாரா? இல்லை. அடுத்த மாதமே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக இசைந்து, செய்தி வெளியானதும் பின்வாங்கினார். 1920-இல் இறந்த மாணவன் ஜார்ஜ் கிப்பின் கடைசி ஆசை என்று 1928-இல் அணியிடம் சொல்லி வெற்றியும் பெற்றார். அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று இன்றும் கேட்கிறார்கள். வீரர்களைத் தூண்டுவதற்காகக் கதையைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு.

1929-இல் காலில் இரத்தக்குழாய் வீங்கி உயிருக்கே ஆபத்து என்றார்கள். சக்கர நாற்காலியில் வந்து பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி தோற்கவே இல்லை.

1931 மார்ச் 31, புனித வாரச் செவ்வாய். கேன்சஸ் மாநிலத்தில் அவர் சென்ற விமானத்தின் மர இறக்கை வானிலேயே முறிந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 43. அந்த விபத்தின் விசாரணையால் விமானப் பாதுகாப்பு விதிகள் இறுகின; மர இறக்கை விமானங்கள் மறையத் தொடங்கின.

புனித சனியன்று திரு இருதய ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கை நாடெங்கும் வானொலியில் கேட்டார்கள். நார்வே மன்னரும் தம் சார்பில் ஆள் அனுப்பினார். பெட்டியைச் சுமந்து சென்றவர்கள் அவருடைய கடைசி அணியின் வீரர்கள்.