சத்தம் போடாமல் சாதித்த சேலத்து வக்கீல்



செமினார் என்றாலே நம்மில் பலருக்குக் கை கால் உதறும். வைவாவில் தெரிந்த பதில்கூட தொண்டையிலேயே நின்றுவிடும். மேடை ஏற வேண்டுமென்றால் சிங்கக் குரலும் அடுக்குமொழியும் வேணும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அந்த இரண்டையும் நம்பாமல், விஷயத்தை மட்டும் நம்பிப் பேசிய ஒருவர் நம்ம ஊரில் வாழ்ந்தார். அவர்தான் மூதறிஞர் ராஜாஜி!

1878 டிசம்பர் 10-ல் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். பிறகு சென்னை மாகாணப் பிரதமர், 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1954-ல் பாரத ரத்னா. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு. டிப்ளமோ படிக்கிற நாம் அறிய வேண்டியது வேறு ஒன்று.

1916-ல் நம்ம சேலத்தில் அவர் அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானவியல், கணிதம் என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேடினார்கள். அன்று பள்ளியில் விஞ்ஞானம் என்றால் இங்கிலீஷ்தான். பிற்காலத்தில் வேதியியலைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்ல 'திண்ணை ரசாயனம்' என்ற நூலையும் எழுதினார். தலைப்பைப் பாருங்கள்! லேபில் இருந்த பாடத்தைத் திண்ணைக்கே கொண்டு வந்துவிட்டார்.

மதுவிலக்குக்கும் அதே வழிதான். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-ல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். உதவிக்கு இருந்தவர் கல்கி. குடியால் குடும்பம் படும் பாட்டைக் கதையாகவும் படமாகவும் விளக்கினார்கள். 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கு முதலில் அமலானது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். அரசுக்கு வருமானம் போகுமே என்ற கேள்விக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. 1939-ல் விற்பனை வரி வந்தது.

1962-ல், 83 வயதில், வாஷிங்டன் போய் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்த வேண்டிய காரணங்களை எடுத்துச் சொன்னார்.

இத்தோடு முடித்தால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். நடுநிலையாகப் பேசணும் என்றால் மறுபக்கமும் வேணும். 1937-38-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். பெரும் போராட்டம் வெடித்தது. 1953-ல் ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்து இரண்டு ஷிஃப்டில் அதிகம் பேரைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மக்களிடம் முன்கூட்டி விளக்கிச் சம்மதம் வாங்கவில்லை. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நம் வகுப்பில் தறிக்காரர் பிள்ளை உண்டு, செருப்புத் தைப்பவர் பிள்ளை உண்டு, மண்வெட்டி பிடித்தவர் பிள்ளையும் உண்டு. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இன்று டிராஃப்டர் முன்னால் நின்றிருப்போம்? ஆகவே நான் அவரைக் கும்பிடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. கடைசிக் குடிமகனுக்கும் புரியும்படி விளக்கிய இடத்தில் அவர் ஜெயித்தார். விளக்காமல் உத்தரவு போட்ட இடத்தில் தோற்றார். 1972 டிசம்பர் 25-ல் மறைந்த அவர் வாழ்க்கை எனக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

நண்பர்களே, அடுத்த செமினாரில் தலைப்பை ஒரே வரியில் சொல்லுங்கள். கணக்கைக் காட்டுங்கள். தெரிந்த பொருளை உதாரணமாக வையுங்கள். குறையையும் மறைக்காதீர்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் புரிகிற மாதிரி டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்ல முடிந்தால், எந்த எக்ஸ்டர்னலும் நம்மை அசைக்க முடியாது!

வாழ்க தமிழ்! வளர்க நம் மாணவர் பேரவை!

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை